உச்சியில் இரண்டு கையும் வேண்டும்

(பொறியியல், வேளாண்மை மாணவர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மரமேறும் கருவிகள்’. உள்ளே வரும்போது பட்டறை வாசலில் மாணவர்கள் செய்து நிறுத்தியிருக்கும் ஏறுகருவியைப் பார்த்தேன். இரும்புச் சட்டம், இரண்டு மிதி, ஓர் இருக்கை, மரத்தைச் சுற்றிக் கட்ட கம்பி வடம். வெல்டிங் சுத்தமாக இருக்கிறது, மிதி ஆடவில்லை. குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கருவி மட்டைக்குக் கீழே ஓரிடத்தில் நின்றுவிடும் இல்லையா, அதற்கு மேலே நடப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

‘மரமேறி’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தேங்காய் பறிப்பவரும் மரமேறிதான், பதநீர் இறக்குபவரும் மரமேறிதான். ஆனால் இருவர் தொழிலும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். தென்னையில் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு மரத்தில் வருஷத்துக்கு 8 தடவை ஏறினால் போதும். பனையில் அப்படியில்லை. பாளை சீவ ஆரம்பித்துவிட்டால் காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம், ஒரு நாளும் விடுமுறை கிடையாது. ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளையின் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுபோகும். பருவம் ஐந்து மாதம் ஓடினால் 150 நாள், அதே மரத்தில் 300 ஏற்றம். தென்னைக்கு எட்டு, பனைக்கு முந்நூறு. எட்டு தடவைக்குச் செய்த கருவியை முந்நூறு தடவைக்காரரிடம் நீட்டிவிட்டு, ‘இவர்கள் புதுமையை ஏற்பதில்லை’ என்று அறிக்கை எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுவோம், பொறியியல் மாணவர்கள் இருக்கிறீர்கள். ஒருவர் கையில் முப்பது பனை என்று வையுங்கள். காலையும் மாலையுமாக 60 ஏற்றம். மரம் 15 மீட்டர் என்றால் நாளுக்கு 900 மீட்டர் மேலே போகிறார், அதே 900 மீட்டர் கீழே இறங்குகிறார். இப்போது உங்கள் கருவியை மரத்தில் மாட்ட ஒரு நிமிஷம், கழற்ற ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்தானே என்று தோன்றும். அறுபதால் பெருக்கினால் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? காலைப் பதநீரை வெயில் ஏறுவதற்குள் இறக்கியாக வேண்டும். இறக்கியதைக் காய்ச்சும் குடிசையான விடிலிக்குக் கொண்டுபோய் அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். அங்கே அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். நேரம் தப்பினால் புளித்த பதநீர், புளித்ததைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாது.

எடைக்கும் இதே கணக்குதான். இடுப்பில் கூட்டுகிற ஒவ்வொரு கிலோவையும் அவர் நாளுக்கு 900 மீட்டர் உயரம் சுமக்கிறார். வரைபடத்தில் ‘வெறும் நாலு கிலோ’ என்று எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில் ஒரு அண்ணாச்சி ஒரு புதுக் கருவியை ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏறதுக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதத் தூக்கிக்கிட்டு அடுத்த பனைக்கு நடக்கது யாரு? மணல்ல நாங்க வெறுங்காலோட நடக்கதே பாடு.” அவ்வளவுதான். செம்மண் மணலில் கால் புதையும். மரத்துக்கு மரம் சம தூரமும் கிடையாது, பாதையும் கிடையாது.

ஏறுவது வேலையே இல்லை, அது வேலைக்குப் போகிற வழி. வேலை உச்சியில் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம்.

மட்டை வரிசைக்குக் கீழே வந்ததும் அவர் தண்டை விட்டு மட்டைக்கு மாறுகிறார். இந்த மாறுகிற இடம்தான் ஆபத்து. அதுவரை கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த தண்டு கைக்குள் இல்லை. மட்டையின் இரு ஓரமும் கருக்கு, ரம்பப் பல். அடிமட்டையில் காலை ஊன்றி, உள்பக்கம் புகுந்து, ஒரு மட்டையில் உட்கார்ந்தோ சாய்ந்தோ நிலை எடுக்கிறார். பாளையில் கட்டியிருக்கும் கலயத்தை அவிழ்த்து, பதநீரை இடுப்பில் தொங்கும் குடுவையிலோ கேனிலோ ஊற்றுகிறார். அரிவாள் பெட்டியிலிருந்து பாளை அரிவாளை எடுத்துப் பாளை நுனியில் ஒரு சீவு. சீவியது கண்ணாடித் தாள் கனத்துக்கு மேல் இருந்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், அதைவிட மெலிந்தால் ஊறல் சரியாக வராது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பைத் தடவி மறுபடி கட்டுகிறார். சுண்ணாம்பு இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் அது கள்ளாகிவிடும். அப்புறம் அடுத்த பாளை. ஒரு பனையில் பாளைகள் எல்லாத் திசையிலும் நிற்கும், ஆகவே அவரும் கொண்டையைச் சுற்றி நகர வேண்டும். பருவத் தொடக்கத்தில் இதோடு கடிப்பு வேலையும் சேரும். மரக் கடிப்பால் பாளையை இதமாக நசுக்கிப் பதப்படுத்துவது. ஆண் பனைக்கு ஒரு கடிப்பு, பெண் பனைக்கு வேறு கடிப்பு.

இதில் எந்த வேலையை ஒரு கையால் செய்வது? ஒன்றையும் முடியாது. ஒரு கை பாளையைப் பிடிக்க, மறு கை அரிவாளுக்கு. அப்படியானால் அந்த நேரத்தில் ஆளைப் பிடித்திருப்பது எது? நம் தென்மாவட்டங்களில் பெரும்பாலும் எதுவும் இல்லை. தொடையும் முழங்காலும் பிடித்திருக்கின்றன, பழக்கம் பிடித்திருக்கிறது. 15 மீட்டரிலிருந்து விழுகிற உடம்பு தரையைத் தொடும்போது மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். விழும் நேரம் இரண்டு விநாடிகூட இல்லை.

இனி அவர் கையில் இப்போது இருக்கும் சாமான்களைப் பார்ப்போம். புதிதாகச் செய்கிறவர்கள் பழையதை முதலில் அளந்து பார்க்க வேண்டும். அடியில் பனை பருத்திருக்கும், சொரசொரப்பாகவும் இருக்கும், கைக்கு அடங்காது. அதற்கு முருக்குத்தடி. அதை மரத்தில் சாய்த்து அதன்மேல் மிதித்தால் பருத்த அடியைத் தாண்டிவிடலாம். ஒரே ஒரு படிதான், ஆனால் எங்கே படி வேண்டுமோ அங்கே மட்டும் இருக்கிற படி. நெஞ்சுக்குத் தோலோ பழைய டயர் ரப்பரோ வைத்த காப்பு. இடுப்பில் அரிவாள் பெட்டி. காலில் திளாப்பு, தளைநார் என்றும் சொல்வார்கள்.

திளாப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். பனைமட்டையின் உள்பக்கத்து நார் அகணி, வெளிப்பக்கத்து நார் புறணி. அகணி நாரைக் கிழித்து, ஊறவைத்து, முறுக்கி, வளையமாகக் கட்டுகிறார்கள். இரண்டு பாதமும் அந்த வளையத்துக்குள். கால்கள் விலகப் பார்க்கும்போது வளையம் இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுவை பாதங்களைத் தண்டோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். அதாவது ஆளின் எடையே அவரைப் பிடித்துக்கொள்ளும் விசையாக மாறுகிறது. வளையம் நீளமாகிவிட்டால் பாதம் பக்கவாட்டில் நழுவும், குட்டையாகிவிட்டால் பருத்த மரத்தில் காலை அகட்ட முடியாது. ஆகவே ஒவ்வொருவர் திளாப்பும் அவரவர் கால் அளவுக்கும் அவரவர் பனைகளின் பருமனுக்கும் சேர்ந்த அளவு. இரவல் வாங்கி ஏற மாட்டார்கள். காலையில் மரத்தடியில் வளையத்துக்குள் காலைவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எம்பி, முழு எடையையும் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பார்கள். உங்கள் பாடப்புத்தகம் இதைச் சுமைச் சோதனை என்று சொல்லும். எடை கைக்குள் அடங்கும், விலை இல்லை, மரத்துக்குக் காயம் இல்லை, மாட்டக் கழற்றச் சில விநாடி. இதை வெல்ல வேண்டுமானால் புதிய கருவி நான்கிலும் வெல்ல வேண்டும். ஏறும் வழியில் இது கெட்டிக்காரக் கருவி என்பதே என் தீர்ப்பு. திளாப்பு தோற்கிற இடம் உச்சி. அங்கே அதற்கு வேலையே இல்லை.

மரத்துக்குக் காயம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேலைநாட்டில் மரமேறிக் கிளை கழிக்கும் மரவேலைக்காரர்கள் காலில் முள் கட்டி ஏறும் படத்தைப் பார்த்துவிட்டு, போன வருஷம் ஒரு மாணவர் பூட்ஸில் ஆணி வைத்துக் கொண்டுவந்தார். அந்த நாடுகளிலேயே வெட்டப்போகிற மரத்தில்தான் முள் போடலாம், வாழப்போகிற மரத்தில் கூடாது என்பது தொழில் நெறி. பனையும் தென்னையும் ஒருவித்திலை மரங்கள். வேம்புக்கும் புளிக்கும் பட்டைக்கடியில் வளர்படை இருக்கிறது, காயத்தை மூடிக்கொள்ளும். பனைக்கு அது கிடையாது. போட்ட ஓட்டை போட்டபடியே இருக்கும், கூன்வண்டுக்கு வாசலும் ஆகும்.

இதே பனையை மற்ற நாடுகளில் எப்படி ஏறுகிறார்கள்? கம்போடியாவிலும் பர்மாவின் பகான் பக்கத்திலும் பனந்தோப்பைப் பார்த்தால், மரத்தோடு மூங்கில் ஏணியோ, கணுக்கிளைகளை விட்டு வெட்டிய ஒற்றை மூங்கிலோ கட்டியிருக்கும். நம்மூரில் கண்ணேணி என்பார்களே, அது. பருவம் முழுக்க அது மரத்திலேயே இருக்கும். கேரளத்தில் கள்ளிறக்குகிறவர்கள் தென்னந்தண்டில் தேங்காய் மட்டையைக் கயிற்றால் கட்டிப் படி வைக்கிறார்கள். இலங்கையின் மேற்குக் கரையில், களுத்துறைப் பக்கம், அதைவிட ஒரு படி மேலே போய்விட்டார்கள். மரத்துக்கு மரம் உச்சியிலேயே இரண்டு கயிறு. கீழ்க்கயிற்றில் கால், மேல்கயிற்றில் கை. ஒரு மரத்தில் ஏறினால் பல மரங்களின் வேலையை முடித்துக்கொண்டு இறங்கலாம். ஏற்றத்தின் எண்ணிக்கையையே குறைத்துவிட்டார்கள். கருவி வடிவமைப்பில் இதைவிடப் பெரிய சிந்தனையை நான் பார்த்ததில்லை. ஆனால் உயரத்தில் கயிற்றில் நடப்பதன் ஆபத்தும் அதோடு சேர்ந்தே வந்தது.

அவர்கள் கருவியை மரத்தின்மேல் வைத்தார்கள், நாம் ஆளின்மேல் வைத்தோம். ஏன்? என் ஊகத்தைச் சொல்கிறேன். நம் பனையேறி பெரும்பாலும் பிறர் மரத்தை வாரத்துக்கோ பாட்டத்துக்கோ எடுத்து ஏறுகிறவர். அடுத்த வருஷம் அந்த மரம் அவர் கையில் இருக்குமா என்பது நிச்சயமில்லை. யாரோ ஒருவர் மரத்தில் தன் காசைப் போட்டு ஏணி கட்டுவானேன்? தேரிப் பக்கம் மூங்கிலும் கிடையாது. ஆகவே, மரத்திலேயே நிரந்தரமாக ஒரு கயிறு, ஒரு கொக்கி என்று யாராவது யோசித்தால், அது முதலில் குத்தகைப் பிரச்சினை, பிறகுதான் பொறியியல். மரச் சொந்தக்காரரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

தென்னைக்கு வந்த எந்திரத்தைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப் என்ற விவசாயி செய்தது அது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவர் பின்னால் இல்லை. இரண்டு சட்டம், இரண்டு கம்பி வளையம். ஒரு காலில் எடையைப் போட்டால் அந்த வளையம் இறுகும், எடையை எடுத்தால் தளரும், மாறி மாறி மிதித்து மேலே போகலாம். 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னையின் நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கியபோது இளைஞர்களுக்கு இப்படிப்பட்ட கருவியைக் கொடுத்துத்தான் பழக்கியது. பெண்களும் பழகினார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குக் காப்பீடும் ஏற்பாடு செய்தார்கள். பிறகு உட்கார்ந்தபடி ஏறும் வகைகளும் வந்தன, கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் செய்தார்கள். தென்னையில் இது ஏன் எடுபட்டது? காய்க்குலை மட்டைக்குக் கீழே தொங்குகிறது, கருவி நிற்கிற இடத்திலிருந்தே வெட்டலாம். தோப்பில் மரம் வரிசையாக நிற்கிறது. ஏற்றமும் அபூர்வம். பனைக்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தவில்லை.

இருந்தாலும் அந்த இருக்கைக்கு ஒரு மரியாதை உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன். ‘பனையேறிக்குப் பெண் கொடுக்க மாட்டேன்’ என்று சொல்கிற ஊரில், பேண்ட் போட்டு, பெல்ட் கட்டி, எந்திரத்தில் ஏறுகிற பையனைத் தொழில்நுட்பர் என்று பார்க்கிறார்கள். நெஞ்சில் காய்ப்பு விழுவதில்லை. இந்தத் தொழிலைச் சாதியோடு கட்டி இழிவாக வைத்திருந்த சமூகம், அதற்கான கருவியைப் பற்றி யோசிக்கவும் மறுத்தது. பசுமைப் புரட்சிக் காலத்தில் டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் ஓடிய மூளைகளில் ஒன்றாவது பனைமரத்தடிக்கு வந்திருக்கலாம். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவருக்கு இருக்கை வேண்டும் என்றால் கொடுங்கள். நான் பேசுவது ஏற்கெனவே ஏறிக்கொண்டிருப்பவருக்காக.

தெலங்கானாவுக்கு வருவோம். அங்கே கள்ளிறக்கும் கௌடர்கள் இடுப்பையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றும் ஒரு தடித்த வடத்தைப் பயன்படுத்துகிறார்கள், மோக்கு என்று பெயர். அதில் பின்னால் சாய்ந்தால் இரண்டு கையும் விடுதலை. காலங்காலமாக இருக்கிற உபகரணம். ஆனாலும் விபத்து நடக்கிறது. மோக்கு பிடித்திருப்பது உராய்வால் மட்டுமே, வழுக்கினால் ஆளோடு சேர்ந்து அதுவும் இறங்கும். 2024-இல் அந்த மாநில அரசு காட்டமய்யா என்ற அவர்கள் குலசாமி பெயரில் பாதுகாப்புச் சாதனங்கள் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. உடல் பட்டையும் கயிறும் கொக்கியும் கொண்ட தொகுப்பு. அதில் எனக்குப் பிடித்தது, ஏறும் முறையையே மாற்றச் சொல்லாமல், இருக்கிற முறையோடு ஒரு பிடிமானத்தைச் சேர்த்தது. நம் அரசும் பனையேறும் கருவிக்குப் பரிசு அறிவித்ததுண்டு. ஏறும் கருவிக்குப் பரிசு வைத்தால் ஏறும் கருவிதான் வரும்.

இங்கிலாந்து, அமெரிக்க மரவேலைக்காரர்கள் கதை நமக்கு வேறொரு விதத்தில் உதவும். அவர்கள் தொங்குவது கயிற்றில். கயிற்றில் ஏறி இறங்க அவர்களுக்கு வேண்டியது, எடை விழுந்தால் இறுகி, தள்ளினால் நகர்கிற ஒரு முடிச்சு. 1931-இல் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி அப்படி ஒரு முடிச்சை வெளியிட்டார். 1981-இல் இன்னோர் ஆஸ்திரியர், ஹைன்ஸ் புரோஹாஸ்கா, மலை வழிகாட்டிகளுக்கான பத்திரிகையில் வேறொன்றை எழுதினார். 1994-இல் ஜேசன் பிளேக் என்ற மரமேறி அதே முடிச்சைத் தானாகக் கண்டு மரத்தொழில் பத்திரிகைக்கு எழுத, அது அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒற்றைக் கயிற்றில் இறங்கும்போது முடிச்சு அளவுக்கு மீறி இறுகிப்போகிறது என்ற தொல்லைக்கு, கெவின் பிங்ஹாம் என்ற மரமேறி கயிற்றை ஒரு வளைவு வளைத்து உராய்வைப் பங்கிடும் சிறு உலோகக் கருவியைச் செய்தார். இன்று கம்பெனிகள் விற்கிற பல சாமான்கள் இப்படிக் கயிற்றில் தொங்கியவர்கள் கையில் பிறந்தவை. தொங்குகிறவருக்குத்தான் எது உறுத்துகிறது என்று தெரியும்.

நம் பனையேறிகளும் சும்மா இருக்கவில்லை. குடுவை போய் பிளாஸ்டிக் கேன் வந்தது, அதை எந்தத் துறையும் அறிமுகப்படுத்தவில்லை. நெஞ்சுத் தோலுக்குப் பதில் டயரைக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. ஆனால் ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவருக்குக் கொண்டுபோக நம்மிடம் பத்திரிகையும் இல்லை, பட்டறையும் இல்லை. ராமநாதபுரத்தில் ஒருவர் சரிசெய்த கொக்கி கன்னியாகுமரிக்குத் தெரியாது.

சரி, அந்த வெளிநாட்டுப் பட்டையையும் கயிற்றையும் வாங்கி அப்படியே கொடுத்துவிடலாமா? மூன்று சங்கதிகளைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

முதலில் கயிறு. கடையில் ‘நைலான் கயிறு’ என்று கேட்டால் பல நேரம் கிடைப்பது பச்சையும் நீலமுமாக மினுங்குகிற பாலிப்ரொப்பிலீன். வெயிலில் அது சீக்கிரம் நொறுங்கும், உராய்வுச் சூட்டில் இளகும். ஆளைக் கட்ட அது ஆகாது. பாலியெஸ்டர் வெயிலைத் தாங்கும், நனைந்தாலும் பலம் குறையாது, மரவேலைக்காரர்கள் பலருக்கும் பிடித்தது. ஆனால் பாலியெஸ்டருக்குக் காரம் ஆகாது. நம் ஆளின் கையிலும் இடுப்பிலும் நாள் முழுக்க இருப்பது சுண்ணாம்பு! நைலான் சுண்ணாம்பைத் தாங்கும், ஆனால் நனைந்தால் பலம் கொஞ்சம் குறையும், அமிலம் பட்டால் போச்சு. வண்டிப் பெட்டியில் பேட்டரிப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இதையெல்லாம் பனங்காட்டில் சோதித்துப் பார்த்தால் உங்கள் துறைக்கு ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை கிடைக்கும்.

அடுத்தது கருக்கு. இழுவிசையில் இருக்கும் கயிறு கருக்கில் உரசினால் அறுபடும். ஆகவே உச்சியில் சுற்றுகிற பகுதிக்கு உள்ளே கம்பியோ, மேலே தடித்த உறையோ வேண்டும். டயர் வாரை உறையாகப் போடலாம் என்று இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பனையேறி அண்ணாச்சி ஒருவர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

மூன்றாவது, விழுகிற தூரம். கயிற்றை மட்டைக்கு அடியில் தண்டைச் சுற்றிச் சுருக்குப் போட்டுக் கட்டுகிறோம். ஆள் உட்கார்ந்திருப்பது அதற்கு மேலே. கயிறு ஒரு மீட்டர், ஆள் கட்டிலிருந்து ஒரு மீட்டர் மேலே என்றால், விழுந்தால் இரண்டு மீட்டர் விழுந்துதான் நிற்பார். அந்த வெட்டு இடுப்பெலும்பை முறிக்கலாம். வீழ்ச்சியைத் தடுக்கும் சாதனங்களுக்கு ஐரோப்பியத் தரம் வைத்திருக்கும் உச்சவரம்பு 6 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட அறுநூறு கிலோ எடையின் இழுப்பு. அதற்குள் அடக்க வேண்டுமானால் விசை வாங்கும் மடிப்புப் பட்டை இடையில் வேண்டும், விழுகிற தூரம் குறையக் கயிறும் முழத்துக்கு மேல் நீளாமல் இருக்க வேண்டும். முழக் கயிற்றில் கட்டிக்கொண்டு கொண்டையைச் சுற்றி நகர முடியாது. அப்படியானால் இரண்டு குட்டைக் கயிறு; ஒன்றை அவிழ்க்கும் முன் மற்றதை மாட்டுவது. ஒரு கையால், பார்க்காமல், சுண்ணாம்புப் பிசுபிசுப்போடு திறந்து மூடக்கூடிய கொக்கி. இந்தக் கொக்கிதான் உங்களுக்கு நான் கொடுக்கிற கணக்கு. இருக்கையை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் விட முடியாது. கயிறு பிடித்துவிட்டது, ஆள் தொங்குகிறார், அப்புறம்? பட்டையில் அசையாமல் தொங்கினால் கால் ரத்தம் மேலே திரும்பாமல் சில நிமிஷங்களிலேயே மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். விடியற்காலை தனி ஆளாகக் காட்டுக்குள் ஏறுகிறவரை யார் இறக்குவது? ஆகவே கால் வைத்து எழும்ப ஒரு நார் வளையம் பட்டையோடு தொங்க வேண்டும். திளாப்பையே அதற்குப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். பக்கத்துக் காட்டில் ஏறுகிறவரோடு ஒரு சத்தம் கொடுத்துக்கொள்ளும் பழைய வழக்கமும் திரும்ப வர வேண்டும். முன்பு ஒரு காட்டில் பத்துப் பேர் ஏறினார்கள், கூவினால் கேட்கும். இப்போது ஒருவர்தான்.

சோதனை எப்படிச் செய்வது என்று கேட்டீர்கள். கல்லூரி வளாகத்துத் தென்னையில் ஏறிக் காட்டிப் படம் பிடிப்பது சோதனையாகாது. மாசி மாதம், பாளை ஓடிக்கொண்டிருக்கும்போது, காட்டுக்குப் போங்கள். கருவியைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லாமல் ஒதுங்கி நில்லுங்கள். முதல் நாள் உங்களுக்காக மரியாதைக்குப் போட்டுக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்துப் போய், அது அவர் இடுப்பில் இருக்கிறதா, விடிலிக் கூரையில் தொங்குகிறதா என்று பாருங்கள். கூரையில் தொங்கினால் ஏன் என்று கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், அறுத்து மாற்றிச் செய்யுங்கள். சோதித்துக் கொடுத்தவருக்குக் கூலி கொடுங்கள். பனையேறியின் ஒரு காலை நேரம் உங்கள் ஆய்வுக்குப் போனால் அவர் பதநீர் போகிறது.

கேள்விகளை என்னிடம் கேட்க வேண்டாம், முன்வரிசையில் இருக்கும் பனையேறிகளிடம் கேளுங்கள். ஆனால் மூன்றரை மணிக்குள் அவர்களை விட்டுவிட வேண்டும். சாயங்கால ஏற்றம் இருக்கிறது, பஸ்ஸும் ஒன்றுதான்.